விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு வைஃபை இணைகிறது, ஆனால் இன்டர்நெட் வரவில்லை

அல்சூர் ஏரிக்கரை:

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே மார்க்கெட் பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். லேப்டாப் இதுவரை விண்டோஸ் 10-ல் ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, அடுத்தவர் கணக்கை வைத்துக்கொண்டு செக்யூரிட்டி அப்டேட் இல்லாத மெஷினில் வேலை செய்வது சரியில்லை என்று தோன்றியதால் சனிக்கிழமை இரவு விண்டோஸ் 11 அப்கிரேடு போட்டேன். அப்கிரேடு ஒழுங்காகத்தான் முடிந்தது. ஃபைல்கள் இருக்கின்றன, கணக்கு மென்பொருள் டேலி திறக்கிறது, பிரின்டர்கூட வேலை செய்கிறது. இன்டர்நெட் மட்டும் இல்லை.

வைஃபை பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது, சிக்னலும் முழுதாக இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் 'நோ இன்டர்நெட்' என்று சொல்லிவிட்டு ஐகான் உருண்டையாக மாறிவிடுகிறது. அதே வைஃபையில் என் போனும் டிவியும் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடுகின்றன. ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடியும் சேர்த்தேன், டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்தால் இருப்பதே நல்ல டிரைவர் என்கிறது.

'நெட்வொர்க் ரீசெட்' கொடுக்கலாமா? கொடுத்தால் சேமித்து வைத்ததெல்லாம் போய்விடும் என்கிறார்கள். ஜிஎஸ்டி மாத ரிட்டர்னான 3பி தாக்கல் செய்ய 20-ஆம் தேதி கடைசி, தாமதமானால் லேட் ஃபீ கடைக்காரர் தலையில் விழும், அதனால் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நன்றாக இருக்கும்.

மாரத்தஹள்ளி மாடிவீடு:

இது டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்குகிற மென்பொருள், அதன் பிரச்சினையாகத்தான் இருக்கும். அப்கிரேடு ஆகும்போது விண்டோஸ் தன் கையில் இருக்கிற பொதுவான டிரைவரைப் போட்டுவிடும், லேப்டாப்போடு வந்தது போய்விடும். டிவைஸ் மேனேஜரில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' திறந்து, வைஃபை கார்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்த முடிகிறதா பாருங்கள். மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று அர்த்தம். இன்டெல் கார்டு என்றால் இன்டெல் தளத்திலேயே டிரைவர் கிடைக்கும், ரியல்டெக் அல்லது மீடியாடெக் என்றால் உங்கள் லேப்டாப் மாடலின் சப்போர்ட் பக்கத்தில் தேடுவது நல்லது. போனில் இறக்கி கேபிள் வழியாக லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அதே ப்ராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்று ஒரு பக்கம் இருக்கும், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கார்டை அணைக்கலாம் என்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்புகளில் அந்தப் பக்கமே இருக்காது, அப்படியானால் விட்டுவிடுங்கள்.

எதுவும் சரிவராவிட்டால், அப்கிரேடு ஆகி 10 நாளுக்குள் 'செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி' போய் 'கோ பேக்' கொடுத்தால் விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாம். அவசரம் என்றால் எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் கிடைக்கும், அதை மாட்டி 20-ஆம் தேதி வேலையை முடித்துவிட்டு அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

கம்பியில்லாத் தந்தி:

டாங்கிள் வாங்க எஸ்.பி. ரோடு போகும் முன் கொஞ்சம் பொறுங்கள். ரீசெட்டும் வேண்டாம். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, ஆகாவிட்டால் புதிதாக எதைக் கலைத்தோம் என்பதும் தெரியாது.

நீங்கள் எழுதியதில் முக்கியமான விஷயம், பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது என்பது. அந்தச் சரிபார்ப்பு ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் தகவல் போய்வந்துதான் நடக்கிறது. அப்படியென்றால் கார்டு அனுப்புகிறது, வாங்கவும் செய்கிறது. டிரைவர் அடியோடு கெட்டிருந்தால் பெரும்பாலும் பெயரே தெரியாது, அல்லது இணைந்து இணைந்து அறுந்துகொண்டிருக்கும். அதனால் மாரத்தஹள்ளி நண்பர் சொன்னதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் முதல் சந்தேகம் அங்கே போக வேண்டியதில்லை.

இரண்டே விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, வைஃபைக்கு நேரே ஐபிவி4 முகவரி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்துவிட்டது, சிக்கல் அதற்குப் பிறகு, அநேகமாக டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றுகிற ஏற்பாடு. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவேயில்லை, கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்.

இரண்டாவது, போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். போனின் மொபைல் டேட்டா ஆனாக இருக்கட்டும். இதில் லேப்டாப்பின் வைஃபை கார்டுக்கு வேலையே கிடையாது. அப்படியும் இன்டர்நெட் வரவில்லை என்றால் கார்டு, டிரைவர், ரவுட்டர் மூன்றும் நிரபராதிகள்.

அல்சூர் ஏரிக்கரை:

பார்த்துவிட்டேன். முகவரி 169.254 என்றுதான் தொடங்குகிறது. யூஎஸ்பி டெதரிங்கிலும் வரவில்லை, அங்கேயும் அதே 169.254. ஆன்டிவைரஸ் என்று தனியாக எதுவும் போடவில்லை, விண்டோஸோடு வருவதுதான்.

கம்பியில்லாத் தந்தி:

அப்படியென்றால் வைஃபையைப் பற்றிய கவலையை விடுங்கள். எல்லா அடாப்டருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒன்று தடுக்கிறது. முதலில் சுலபமானது: 'சர்வீசஸ்' திறந்து, முகவரி கேட்டு வாங்குகிற 'டிஎச்சிபி கிளையன்ட்' ஓடுகிறதா பாருங்கள். அது நின்றிருந்தால் எந்த வழியிலும் முகவரி வராது.

அது ஓடுகிறது என்றால் என் சந்தேகம் பழைய விபிஎன் மேல், அதாவது வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையப் போடுகிற மென்பொருள் மேல். 2020 லாக்டவுனில் இந்த ஊரில் எத்தனையோ பேர் சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் விபிஎன் போட்டு வேலை பார்த்தார்கள். அந்த மாதிரி மென்பொருள் சில, தனக்கென்று ஒரு ஃபில்டரை விண்டோஸின் நெட்வொர்க் அடுக்குக்குள் செருகிவைக்கும். ஊருக்குள் வருகிற எல்லா ரோட்டிலும் போட்ட செக்போஸ்ட் மாதிரி, வைஃபையோ கேபிளோ டெதரிங்கோ, எல்லாப் பாக்கெட்டும் (தகவல் துண்டும்) அதன் வழியாகத்தான் போக வேண்டும். அப்கிரேடு நேரத்தில் புது விண்டோஸுக்கு ஒத்துவராத மென்பொருள் நீங்கிவிடலாம், ஃபில்டர் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். பாக்கெட்டை வாங்கும், அடுத்த பக்கம் விடாது. விண்டோஸ் 7, 8-லிருந்து 10-க்கு மாறிய காலத்திலும் இதே கதை நிறைய நடந்தது.

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ncpa.cpl என்று ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். வைஃபை மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். 'திஸ் கனெக்ஷன் யூசஸ்' என்று ஒரு பட்டியல் வரும். அதை முதலில் போனில் போட்டோ எடுத்துவையுங்கள், எதையாவது மாற்றிவிட்டுத் திரும்ப வைக்க அதுதான் உதவும். 'கிளையன்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்', 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்', 'க்யூஓஎஸ் பாக்கெட் ஷெட்யூலர்', ஐபிவி4, ஐபிவி6, 'லிங்க் லேயர் டோபாலஜி' என்று வருவதெல்லாம் விண்டோஸுடையது, தொடாதீர்கள். விபிஎன் பெயரோ, 'ஃபில்டர்', 'என்ஹான்சர்' என்கிற மாதிரி அந்நியமான பெயரோ இருந்தால் அதன் டிக்கை மட்டும் எடுத்து ஓகே கொடுங்கள். டிக்கை எடுப்பது அந்த ஒரு அடாப்டரை மட்டும்தான் பாதிக்கும். 'அன்இன்ஸ்டால்' கொடுத்தால் எல்லா அடாப்டரிலிருந்தும் போய்விடும், அதனால் முதலில் டிக்கை எடுத்து நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அதற்குப் போங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:

வந்துவிட்டது! டிஎச்சிபி கிளையன்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பட்டியலில் முன்பு வேலை பார்த்த ஆபீசின் விபிஎன் பெயரில் ஒன்று இருந்தது. 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலில் தேடினால் அந்தப் பெயரே இல்லை, இங்கே மட்டும் டிக்கோடு நிற்கிறது. டிக்கை எடுத்த உடனே 192.168 முகவரி வந்து, ஜிஎஸ்டி போர்ட்டல் திறந்துவிட்டது. அப்புறம் அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன், இப்போது டெதரிங்கிலும் வருகிறது. ரீசெட் கொடுக்கவே தேவைப்படவில்லை. ரொம்ப நன்றி, இன்று இரவே முதல் கடையின் 3பி வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.

ஒயிட்ஃபீல்டு பிஜி:

அண்ணா, இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எனக்கும் அப்கிரேடுக்குப் பிறகுதான் தொல்லை, ஆனால் என் பிஜியின் (பேயிங் கெஸ்ட் விடுதியின்) வைஃபை பெயரே லேப்டாப்பில் தெரியவில்லை. அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. ரூம்மேட் போனில் எங்கள் பிஜி பெயரும் தெரிகிறது. விபிஎன் எதுவும் போட்டதில்லை.

கம்பியில்லாத் தந்தி:

தம்பி, உன் கதை வேறு. ஒரு பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் சேனலை, அதாவது ரவுட்டர் எந்த அலைவரிசையில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவை மனதில் வைத்து அமைத்த டிரைவர் 11-க்கு மேல் பெரும்பாலும் தேடாது. அப்கிரேடில் டிரைவர் மாறி, உங்கள் பிஜி ரவுட்டர் 12-லோ 13-லோ நின்றிருந்தால் உன் லேப்டாப்புக்கு அது இல்லாத மாதிரிதான். உன் விஷயத்தில் மாரத்தஹள்ளி நண்பர் சொன்ன 'ரோல் பேக்' முயற்சி பொருந்தும்.

ரூம்மேட் போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டுச் சேனல் எண்ணைப் பார். 12 அல்லது 13 என்றால் பிஜி ஓனரிடம் சொல்லி 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றச் சொல். ஒயிட்ஃபீல்டில் ஒரே கட்டடத்தில் எத்தனை ரவுட்டர் இருக்குமோ, அதனால் மூன்றில் கூட்டம் குறைவானதைப் பார்த்து எடுக்கச் சொல், மற்ற ரூம்காரர்களுக்கும் வேகம் கூடும். ஓனர் ஒத்துக்கொள்ளாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'கன்ட்ரி ரீஜன்' என்று ஏதாவது இருக்கிறதா பார், சில கார்டுகளில் இருக்கும், அங்கே 1 முதல் 13 வரை உள்ளதைத் தேர்ந்தெடு.

சேனல் எண் 36 அல்லது அதற்கு மேல் காட்டினால் அது 5 கிகாஹெர்ட்ஸ். உன் கார்டு 2.4 மட்டும் பிடிக்கிற வகையா என்று மாடல் நம்பரை எழுது, பார்க்கலாம்.