யமுனை வெள்ளக் கோடு: மாடலை நம்பி வீடு வாங்கலாமா?

கீழ்க்கரை:
டெல்லி மயூர் விஹார் பக்கம் வீடு பார்க்கிறோம். 25 வருஷத்துக்கு ஒருமுறை வர்ற வெள்ளம் தொடும் பரப்புதான் யமுனையோட வெள்ளச் சமவெளின்னு 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏத்துக்கிச்சு. "நம்ம இடம் அந்தக் கோட்டுக்கு வெளியே"ன்னு தரகர் சொல்றார். 2023 ஜூலை வெள்ளத்துல வீட்டை விட்டு வந்தவங்க இருந்த ரோட்டோரக் கூடாரங்களைப் பார்த்தவ நான். கோட்டை நம்பலாமா?

பழைய பாலம்:
நம்பாதீங்கம்மா. 2019-ல ஹரியானாவுல இருக்கற ஹத்னிகுண்ட் தடுப்பணையில இருந்து விநாடிக்கு 8.28 லட்சம் கனஅடி வந்துச்சு. டெல்லி பழைய ரயில் பாலத்துல நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல 206.60 மீட்டர். 2023-ல உச்சம் 3.59 லட்சம்தான், பாதிகூட இல்ல. மட்டமோ 208.66! 1978-ல தொட்ட 207.49-ஐயும் தாண்டிடுச்சு. சுவத்துல படிஞ்ச கறைதான் எனக்கு வரைபடம்.

குறுக்குவெட்டு:
சார், கோடு போட மாடல், அதாவது வெள்ளத்தைக் கணினியில ஓட்டிப் பார்க்கற கணக்கு, ஏன் வேணும்னு நீங்க சொன்ன எண்களே காட்டுது. எவ்வளவு தண்ணி வருதுன்னு மட்டும் தெரிஞ்சா மட்டம் தெரியாது. ஆத்தைப் பல இடத்துல குறுக்கே அளந்து படுகை, கரை, மண்மேடு, பாலத் தூண் எல்லாத்தையும் மாடல்ல ஏத்துவோம். அப்புறம் மானிங் எண். தரை தண்ணியை எவ்வளவு தடுக்குதுங்கறதோட அளவு அது. சுத்தமான படுகைக்கு 0.03 பக்கம், புதர் மண்டின சமவெளிக்கு 0.1 வரைக்கும் போகும். எண் கூடினா அதே தண்ணி மெதுவா நகரும், மட்டம் ஏறும்.

2023-ல டெல்லி ஐடிஓ பக்கம் யமுனைக்குக் குறுக்கே இருக்கற தடுப்பணையோட 32 மதகுல 5 திறக்கல. அதை மூடினபடியே மாடல்ல வெச்சா, மேல்பக்கம் தண்ணி தேங்கறது தெரியும். வெள்ளம் எத்தனை மணி நேரம் நீடிச்சதுங்கறதும் கணக்கு. குறுகின உச்சம் டெல்லி வர்றதுக்குள்ள வழியில பரவித் தணிஞ்சிடும், நீண்டு வர்றது அவ்வளவு தணியாது.

பழைய பாலம்:
அந்த மானிங் எண் உங்க கையிலதானே இருக்கு தம்பி? 208.66 வர்ற வரைக்கும் திருகினா எந்த மாடலும் பொருந்தும். அதுக்குப் பேர் கணிப்பா? அப்புறம், ஐடிஓ ரோடு முழுகினது கரை வழிஞ்சா? 12-ஆம் எண் வடிகாலோட ரெகுலேட்டர், அதாவது ஆத்துத் தண்ணி திரும்பி ஏறாமத் தடுக்கற கதவு, உடைஞ்சு ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள ஏறுச்சு. உங்க கோட்டுல அந்த வடிகால் இருக்கா?

குறுக்குவெட்டு:
வடிகாலை ஏத்தாத மாடல் தப்புதான், அதை ஒத்துக்கறேன். திருகறதுக்குக் கடிவாளம் இருக்கு சார். 2019-ஐ வெச்சு எண்ணைப் பொருத்தணும். அப்புறம் அதுல கை வைக்காம, படுகையையும் மதகையும் மட்டும் 2023 நிலைக்கு மாத்தி ஓட்டணும். வர்ற மட்டத்தை மொனாஸ்டரி மார்க்கெட், யமுனா பஜார், செங்கோட்டைச் சுவர்னு நீங்க சொல்ற கறைகளோட ஒப்பிடணும். பொருந்தலேன்னா மாடல் தோத்துடுச்சு. ஆனா கறை நடந்த வெள்ளத்தை மட்டும்தான் சொல்லும். நாளைக்குப் புதுசா ஒரு பாலம் வந்தா எவ்வளவு ஏறும்னு அதைக் கேக்க முடியாது.

கீழ்க்கரை அக்கா, 25 வருஷ வெள்ளம்னா ஒவ்வொரு வருஷமும் 4% வாய்ப்பு. 20 வருஷ வீட்டுக் கடன் முடியறதுக்குள்ள ஒருமுறையாவது வர 56% வாய்ப்பு இருக்கு. அதைவிடப் பெருசா வந்தா கோட்டுக்கு வெளியேயும் நனையும். கடல்மட்டத்துல இருந்து வீட்டுத் தரை எத்தனை மீட்டர்னு கேளுங்க. 208.66-ஓட அதை நேரா ஒப்பிட வேண்டாம். அது பழைய பாலத்து அளவு, மயூர் விஹார் அதுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கு. ஆறு சரிஞ்சு ஓடறதால அங்க நீர்மட்டம் குறைவா இருக்கும்.

பழைய பாலம்:
எனக்கு இன்னும் மனசு ஒப்பல. கோடு போட்டா முதல்ல காலி பண்ணச் சொல்றது படுகையில காய்கறி போடறவங்களையும் குடிசையில இருக்கறவங்களையும்தான். கான்கிரீட் போட்டவங்களுக்கு வக்கீல் இருக்கார். அந்த மதகையும் வடிகாலையும் யார் பராமரிக்கணும்னு வரைபடத்துலயே எழுதட்டும், அப்ப பேசுவோம். கறை பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை டேப்போட யமுனா பஜாருக்கு வாங்க. எந்தத் தூண்னு காட்டறேன்.

குறுக்குவெட்டு:
காலையில 7 மணிக்கு வந்துடறேன் சார். மட்டக் கருவியும் கொண்டு வர்றேன்.

கீழ்க்கரை:
தரகர்கிட்ட தரைமட்டம் கேட்டேன். அப்படி ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியல. அளந்து எழுதிக் கொடுத்தாத்தான் அட்வான்ஸ்னு சொல்லிட்டேன்.