தனித்து வைக்கப்படும் ஜூரர்களின் சொந்த விவரங்கள் யாரிடம் இருக்கின்றன?

கேள்வி: 1995-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஓ. ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் ஜூரர்கள் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லத் தேர்ந்தெடுக்கப்படும் பொதுமக்கள்) வெளித் தொடர்பின்றி 265 நாட்கள் ஓட்டலில் தனித்து வைக்கப்பட்டார்கள். நீதிமன்றத்தில் எண்களால் மட்டுமே குறிப்பிடப்பட்டார்கள். அப்படியிருக்க, பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களிடம் குடும்பம், உடல்நிலை போன்ற விவரங்களைக் கேட்டுப் பெறுவது முரண்பாடு அல்லவா?

பதில்: முரண்பாடு இல்லை. பெயரை மறைப்பது வெளியாரிடமிருந்தும் வழக்காடும் தரப்புகளிடமிருந்தும்தான். மாதக்கணக்கில் ஒருவரைக் காவலில் வைத்திருப்பவர்களுக்கு அவர் உண்ணும் மருந்தும், அவரைக் காண வருபவர் யார் என்பதும் தெரிந்தே ஆக வேண்டும். 1977-இல் நியூயார்க்கில் போதைப்பொருள் வழக்கொன்றில் ஜூரர்களின் பெயர், முகவரி இரண்டையுமே இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் தெரிவிக்காமல் மறைத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது.

மற்றொருவர் பதில்: விவரம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை, அதைக் கையாள்பவர்கள் காவலர்களாகவும் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சிம்ப்சன் வழக்கில் ஜூரர்களைத் தேர்ந்தெடுக்கவே 294 கேள்விகள் கொண்ட படிவம் தரப்பட்டது (திருமணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள்!). பின்னர் சில காவலர்கள் பாகுபாடு காட்டுவதாகப் புகார் எழ, நீதிபதி காவலர் மூவரை மாற்றினார். அதை எதிர்த்து ஜூரர்களில் பலர் கறுப்பு உடையில் வந்தனர். அத்தனை நெருக்கமான உறவில், பாதுகாப்புக்காகச் சொன்ன தகவல் ஜூரரை மதிப்பிடப் பயன்படாது என்பதற்கு எழுத்துவடிவ உறுதி வேண்டும்.

கேள்வி கேட்டவர்: அந்த உறுதியை நீதிபதியே உத்தரவாகப் பிறப்பிக்கலாம், தீர்ப்புக்குப்பின் அந்தத் தகவல்களை அழிக்கும் கெடுவையும் அதில் சேர்க்கலாம்.