இரண்டாம் வகுப்பு முடியப் போகிறது, இன்னும் 'கோவை' வாசிக்க வரவில்லை. ஆட்டமும் பாட்டும் போதுமா?

பொள்ளாச்சி அப்பா:
மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. விரும்பித்தான் சேர்த்தோம். பள்ளிக்குச் சந்தோஷமாகப் போகிறாள். வீட்டுக்கு வந்தால் பாட்டு, பொம்மலாட்டம், காகித முகமூடி. ஆனால் பேருந்துப் பலகையில் 'கோவை' என்று இருந்ததை 'கேவை' என்று வாசிக்கிறாள். இந்த வயதில் எனக்கு 16-ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடம். 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்ற நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்திருக்கிறார்கள். இவள் இன்னும் அரும்புதான். மக்குப் பிள்ளை என்பதற்குப் பூப்பெயர் வைத்தால் சரியாகிவிடுமா?

ஈராசிரியர் பள்ளி டீச்சர்:
சார், உங்கள் மகள் செய்த தவறைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'கோ'வில் இரட்டைக்கொம்பைப் பார்த்துவிட்டாள், பின்னால் நிற்கும் துணைக்காலைத்தான் விட்டுவிட்டாள். 'வை' சரியாகச் சொன்னாளே! அதாவது ஏகார வரிசை தெரியும், ஐகார வரிசை தெரியும், ஒகரமும் ஓகாரமும் மட்டும் பாக்கி. தமிழில் பிள்ளைகள் கடைசியாகத் தடுமாறும் இடங்களில் இது ஒன்று, எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் குறி நிற்பதால். இன்னொன்று உகர வரிசை: கு, சு, டு, து, மு எல்லாம் ஒவ்வொரு விதமாக வளையும்.

அரும்பு என்பது பட்டம் இல்லை, பிள்ளை இன்றைக்கு நிற்கும் இடம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி எங்கள் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. முதல் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராத பிள்ளை இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. 2022 ஜூனில் இந்தத் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. என் பள்ளியில் 1, 2, 3 வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். எல்லாருக்கும் ஒரே பக்கத்தை நடத்தினால் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
டீச்சரம்மா சொல்லும் நோய்க்கணிப்பு சரி, மருந்து எங்கே? தினமும் காலையில் க, கா, கி, கீ என்று வரிசையாகச் சொல்லி, சிலேட்டில் எழுதி, அழித்து எழுதிய பிள்ளை துணைக்காலை விடாது. முன்பு, பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டை, ஏணிப்படி, பாய் போட்டு வட்டமாக உட்காருவது, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. நல்ல எண்ணம்தான். ஆனால் அட்டையைத் தேடி எடுத்து வைப்பதிலேயே நேரம் போயிற்று, எழுத்துப் பயிற்சி சுருங்கிப் போயிற்று. ஐந்தாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரியாத பிள்ளைகளை நான் பார்த்தேன். இப்போது வேறு பெயரில் அதே பாதை.

ஈராசிரியர் பள்ளி டீச்சர்:
ஐயா, ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளையிடம் நடுவிலிருக்கும் 'தே'யை மட்டும் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். 'த'விலிருந்து தொடங்கி வந்தால்தான் சொல்லும். அது வாசிப்பு இல்லை.

கணக்கிலும் இப்படித்தான். 52-இல் 27 போக எவ்வளவு என்றால் 35 என்று எழுதுவார்கள். 7-இல் 2 போனால் 5, 5-இல் 2 போனால் 3. மனப்பாடத்தில் குறையே இல்லை, எந்த எண்ணிலிருந்து எதை எடுக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய 5 குச்சிக்கட்டும் 2 உதிரிக் குச்சியும் கையில் கொடுத்து, '7 குச்சி எடு' என்றால் ஒரு கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். அவிழ்த்துப் பார்த்த பிள்ளைக்குக் 'கடன் வாங்குவது' எதற்கென்று நான் விளக்க வேண்டியதே இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
குச்சியை நான் மறுக்கவில்லையே. ஆனால் எட்டேழு 56 என்று நாக்கில் நிற்காத பிள்ளை நான்காம் வகுப்பு வகுத்தலில் ஒவ்வொரு அடிக்கும் குச்சி தேடும். புரிதல் வேண்டும், வாய்ப்பாடும் வேண்டும். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

சிவகாசி அம்மா:
தனியார் பள்ளியிலும் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. என் பையன் யூகேஜியிலேயே தினமும் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதினான், கையெழுத்து முத்து மாதிரி. எழுதினதை வாசிடா என்றால் முழிப்பான். சொல்லப்போனால் எழுதவில்லை, வரைந்திருக்கிறான்.

மொட்டுக்கும் மலருக்கும் நடுவே:
நானும் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்தான். முறையில் எனக்குக் குறையில்லை. நேரத்தை எது தின்கிறது என்று யாருமே பேசவில்லை. பிள்ளை இதுவரை எவ்வளவு கற்றது என்று இடையிடையே பார்க்கும் வளரறி மதிப்பீடு வந்தால் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கைபேசியில் கேள்வியைக் காட்டி, பதிலைச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் ஒரு பிள்ளைக்குச் செலவாகும் நேரத்தில் இன்னொரு பிள்ளைக்கு ஒரு கதையே வாசித்துவிடலாம். அதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பொள்ளாச்சி அப்பா:
சரி, நான் வீட்டில் என்ன செய்ய?

ஈராசிரியர் பள்ளி டீச்சர்:
ஒரு துணைக்கால் மட்டும் மாறும் சொற்களாகக் கொடுங்கள்: சேறு–சோறு, தேள்–தோள், கேணி–கோணி. மாற்றி வாசித்தால் பொருளே தடம் மாறும், அவளே பிடித்துக்கொள்வாள். இது பழகியபின் கொடி–கோடி, தொடு–தோடு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
வாசித்தவுடன் அதே சொற்களை நீங்கள் சொல்லச் சொல்ல எழுதவும் வையுங்கள், தம்பி. பார்த்து எழுதுவதில் பயனில்லை, கேட்டு எழுத வேண்டும்.

பொள்ளாச்சி அப்பா:
இரண்டையும் செய்தேன். சேறும் சோறும் சிரித்துக்கொண்டே வாசித்தாள். 'தொடு', 'தோடு' எழுதுவதில்தான் குழப்பம். வாய்ப்பாட்டில் நான் ஐயா பக்கம்தான், அதில் மாற்றமில்லை. டீச்சர், ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இவளை மொட்டுக்கு எப்போது மாற்றுவார்கள், அதை யார் முடிவு செய்வது?

ஈராசிரியர் பள்ளி டீச்சர்:
மதிப்பீட்டில் அவள் எங்கே நிற்கிறாள் என்று வகுப்பாசிரியர் கையில் இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரை காத்திருக்காமல் நேரில் போய்க் கேளுங்கள். 'என் மகள் மக்கா' என்று கேட்காதீர்கள் சார், 'எந்த வரிசை பாக்கி' என்று கேளுங்கள்.