வகுப்பாசிரியர்களுக்கு பி.டி. எடுக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படிங்க?

தாராபுரத்தான்:
வணக்கமுங்க. எங்க ஒன்றியத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் உடற்கல்விப் பயிற்சி. கருத்தாளராக என்னைப் போட்டிருக்காங்க. வருவது 40 பேர். முக்கால்வாசி டீச்சர்கள், பாதிப் பேர் 45 வயதைத் தாண்டியவர்கள். பி.டி. மாஸ்டர் ஒருத்தர்கூட இல்லை.

கையில் இருக்கும் பழைய நிகழ்ச்சி நிரலில் முதல் நாள் முழுக்க "உடற்கல்வியின் முக்கியத்துவம்", மறுநாள் கபடி, கோ-கோ விதிகள். இதைக் கேட்டுவிட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய் என்ன செய்வார்கள் என்று புரியவில்லை. நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்? சேலையில் வரும் டீச்சர்களை ஓடச் சொல்லலாமா? பெரும்பாலான பள்ளிகளில் ஒரு வாலிபாலும் இரண்டு ஸ்கிப்பிங் கயிறும்தான் சாமான். மைதானம் சுக்காங்கல், மாசமோ ஆடி. பிள்ளைகளின் உடல் தகுதியை அளக்கும் கேலோ இந்தியா டெஸ்ட்டையும் இதிலேயே சேர்க்கணுமா?

நீள விசில்:
கபடி விதி அவர்களுக்கு எதுக்குங்க? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பகுதிநேர உடற்கல்வி ஆசிரியரைச் சொல்வதே 6 முதல் 8 வகுப்புக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 1 முதல் 5 வரை வகுப்பாசிரியர்தான் எல்லாம். அவருக்கு வேண்டியது 40 பிள்ளைகளை வெட்டவெளியில் கட்டி மேய்க்கும் வித்தை. வகுப்பறையில் நாலு சுவர் பாதி வேலையைச் செய்துவிடும், மைதானத்தில் அந்தச் சுவர் கிடையாது.

முதல் மணி நேரத்தில் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்க. 40 பிள்ளை, ஒரு பந்து, ஒரே வரிசை. ஒருவர் எறிந்து பந்து அடுத்தவர் கைக்குப் போக 8 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு 320 விநாடி. 40 நிமிஷப் பீரியடில் கூட்டிவந்து கூட்டிப்போவது போக 24 நிமிஷம் மிஞ்சும். ஒரு பிள்ளைக்கு நாலரை முறைதான் வரும், மொத்தம் 36 விநாடி. மீதி நேரம் வரிசையில் நின்று முன்னால் இருப்பவன் சட்டையை இழுப்பான், பிறகு "பசங்க அடங்க மாட்டேங்கறாங்க" என்று புகார் வரும். அதே பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பத்துக் குழுவாக்கி பத்துப் பந்து கொடுத்தால் 45 முறை, 6 நிமிஷம். பயிற்சி முழுக்க இந்த ஒரு அளவை விடாதீங்க: ஒரு பிள்ளை எத்தனை நிமிஷம் அசைந்தது?

முதல் நாள் மதியம் வரை நிறுத்தும் குறி, குழு பிரிப்பது, எல்லை போடுவது, இது மூன்றும் போதும். நிறுத்தும் குறி என்றால் ஒரு நீள விசில்: பந்து காலடியில், கை முட்டியில், கண் டீச்சர் மேல். இதைப் பந்து கொடுப்பதற்கு முன்னாடியே வெறுங்கையோடு நாலைந்து தடவை பழக்கணும். பந்தைக் கொடுத்த பிறகு விளக்க ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கையில் பந்து இருந்தால் காது வேலை செய்யாது.

மதியத்துக்கு மேல் செய்து பழகும் பாடம். ஆசிரியர்களே பிள்ளைகள் மாதிரி நடிப்பது ஆகாதுங்க. பெரியவர்கள் சொன்னதும் கேட்டுக்கொள்வார்கள், அதில் எதுவும் தெரியாது. பயிற்சி நடக்கும் பள்ளித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்க. 40 ஆசிரியர்களை எட்டெட்டுப் பேராக 5 குழு, குழுவுக்கு 10 மீட்டர் சதுர இடம், 12 பிள்ளைகள். ஒருவர் 8 நிமிஷம் பாடம் எடுக்க, 4 நிமிஷம் பேச்சு. எட்டுப் பேர் முடிக்க 96 நிமிஷம். பிள்ளைகள் களைத்துவிடும், அதனால் நாலு பேர் முடிந்ததும் அடுத்த 12 பேரை மாற்றுங்க. பார்ப்பவர்களில் ஒருவர் செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஒரே பிள்ளையை மட்டும் கவனித்து அசைந்த நேரத்தைக் குறிக்கணும். இன்னொருவர் ஆசிரியர் பேசிய நேரத்தைக் குறிக்கணும். 8 நிமிஷத்தில் 3 நிமிஷத்துக்கு மேல் பேச்சு போனால் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. "நல்லா இருந்துச்சு சார்" என்ற கருத்தை எழுதிக்கொள்ளவே வேண்டாம்.

சேலை ஒரு தடையே இல்லைங்க. மாராப்பைப் பின் குத்தி, பின்வார் வைத்த செருப்போ ஷூவோ போட்டு வரச்சொல்லி முந்தின நாளே தகவல் கொடுங்க. செய்து காட்டும் வேலை ஒரு பிள்ளையுடையது. எதைப் பார்த்துத் திருத்தணும் என்பதுதான் டீச்சருக்குத் தெரியணும்.

பஞ்சுமூட்டை:
சாமான் விஷயம் நான் சொல்றேன். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பந்துக்கு அழக்கூடாதுங்க. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டை இறுக்கிச் சுருட்டி, பழைய சாக்ஸில் திணித்து வாயைத் தைத்தால் துணிப்பந்து. டென்னிஸ் பந்து அளவு இருக்கணும், பெரிதானால் சின்னக் கை பிடிக்காது. தளர்வாகச் சுருட்டினால் இரண்டு நாளில் பொதபொதவென்று ஆகிவிடும். காத்து மாசத்தில் இது ஒரு வகையில் பிளாஸ்டிக் பந்தைவிட நல்லது, உருண்டு ஓடாது. பலூன், இறகுப்பந்து இரண்டையும் புரட்டாசி வரை மறந்துவிடுங்க.

சைக்கிள் கடையில் பழைய டயர் கிடைக்கும், வளையமாக வைத்துக்கொள்ளலாம். விளிம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்க. துணி எங்கே மாட்டுதோ அந்த டயர் வேண்டாம். ஸ்கிப்பிங்குக்குத் தேங்காய் நார்க் கயிறு ஆகாது, லேசு, கையையும் அறுக்கும். நூல் கயிறு வாங்கி 7 அடிக்கு வெட்டுங்க. நடுவில் மிதித்து நின்றால் இரண்டு முனையும் அக்குளுக்கு வரணும். ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டால் எல்லைக் குறி, காத்துக்கும் நிற்கும்.

கோடு போட நீறாத சுண்ணாம்பை எடுக்கவே கூடாது. காத்தில் கண்ணில் விழுந்தால் வெந்துவிடும். கோலமாவு போதும். மூலை நேராக வர 12 மீட்டர் கயிற்றில் 3-லும் 7-லும் முடிச்சுப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து மூன்று பேர் இழுத்துப் பிடித்தால் 3-4-5 முக்கோணம். கணக்கு டீச்சருக்கு இதுவே ஒரு பாடம்.

கோவைக்கிழக்கு:
விசில் சார் சொன்னதில் ஒரு குறை. ஒழுங்கு, குழு, நேரம் எல்லாம் சரி, ஆனால் ஒரு அசைவையாவது முழுசாகத் திருத்தத் தெரியாமல் ஆசிரியர் வீட்டுக்குப் போகக்கூடாது. இரண்டாம் நாள் காலையை "எறிதல்" ஒன்றுக்கே கொடுக்கலாம். ஐந்து திறமையை மேலோட்டமாகக் காட்டுவதைவிட இது பிரயோஜனம்.

பார்க்க வேண்டியவை: உடம்பு பக்கவாட்டில் நிற்கிறதா, எதிர்க்கால் முன்னே போகிறதா (வலக்கை என்றால் இடக்கால்), முழங்கை தோள் உயரத்தில் இருக்கிறதா, இடுப்பு திரும்புகிறதா, எறிந்த கை எதிர் இடுப்புக்கு வருகிறதா. நூற்றுக்கு எண்பது தப்பு இரண்டாவதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்க: எறியும் கைப் பக்கத்துக் காலே முன்னால் வரும். இதுக்கு பெரும்பாலும் காரணம் நாமேதான். இலக்கை 3 மீட்டரில் வைத்தால் பிள்ளை குறி பார்த்து முழங்கையால் தள்ளும், காலும் இடுப்பும் தேவைப்படாது. 7, 8 மீட்டர் தள்ளிப் போய் "சுவரில் சத்தம் வர்ற மாதிரி அடி" என்று சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்கு இடுப்பு தானாகத் திரும்பும். மற்றவர்களுக்குத் தரையில் கோலமாவால் இரண்டு பாதம் வரைந்து வையுங்க. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும். ஐந்தையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை அப்படியே நின்றுவிடும்.

ஊர் விளையாட்டுகளையும் இதே கண்ணோடு பாருங்க. பாண்டி அருமையானது, ஒற்றைக்கால் தாவலும் சமநிலையும் வரும், ஆறு இடத்தில் பாண்டிக் கட்டம் போட்டால் ஆறு குழு. குலைகுலையா முந்திரிக்காவில் 38 பேர் உட்கார்ந்திருக்க இரண்டு பேர் ஓடுவார்கள், அதை எட்டுப் பேர் வட்டங்களாக உடைக்கணும். அவுட் ஆனவர் வெளியே என்கிற ஆட்டங்களில் அதிகம் பழக வேண்டிய பிள்ளைதான் முதலில் வெளியே போகும். வெளியே போனவர் பத்துத் தாவல் தாவிவிட்டு உள்ளே வரட்டும்.

கேலோ இந்தியா டெஸ்ட்டை இந்த இரண்டு நாளில் நுழைக்காதீங்க, அரை நாளை விழுங்கிவிடும். தெரிந்துகொள்ள இவ்வளவு போதும்: 1 முதல் 3 வகுப்புக்கு உடல் நிறை அளவு, ஒற்றைக்கால் நிலை, தட்டு தட்டுதல் (இரண்டு தட்டுகளைக் கையால் மாறி மாறி வேகமாகத் தட்டுவது). 4-லிருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர், உட்கார்ந்து முன்வளைதல் எல்லாம் வரும். இதில் விபத்து நடக்கும் இடம் 50 மீட்டர். முடிவுக்கோட்டுக்கு அப்பால் 15 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். சுவரை ஒட்டிக் கோடு போட்டால் முழு வேகத்தில் வரும் பிள்ளை கையை ஊன்றி மணிக்கட்டை ஒடித்துக்கொள்ளும். எடையைச் சத்தமாக வாசிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்க.

தாராபுரத்தான்:
நெம்ப நன்றிங்க. அப்ப விதிகளைத் தூக்கிடறேன். ஐந்து குழுவையும் ஒரே ஆளாகப் பார்க்க முடியாது, என்ன வழி? முதலுதவிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கட்டும்?

நீள விசில்:
பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் மாருதி உடற்கல்விக் கல்லூரி இருக்குதுங்க. அங்கேயோ உங்களுக்குப் பக்கத்தில் வேறெங்கேயோ பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியர் பட்டம்) படிப்பவர்கள் ஐந்து பேர் கிடைப்பார்களா என்று கேட்டுப் பாருங்க. ஆனால் குழுவுக்கு ஒருவராக நேரம் பார்க்க மட்டும் விடுங்க. ஆட்டக்காரர்கள் மைக் பிடித்தால் பிள்ளைகளுக்குப் பதிலாக ஆசிரியர்களுக்கே டிரில் எடுத்துவிடுவார்கள்.

வேப்பமர நிழல்:
முதலுதவிக்கு 45 நிமிஷம் போதும், ஆனால் கையால் செய்யணும். கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டு உருவிவிடுவதுதான் நம்ம பக்கத்துப் பழக்கம், அதை நிறுத்தச் சொல்வதே முதல் பாடம். உருவினால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிஷம், கட்டு, காலை உயர்த்தி வைப்பது. ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்லக்கூடாது. முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிஷம் விடாமல் பிடிக்கணும். வெயிலில் மயங்கினால் நிழல், ஈரத்துணி, விசிறல். நினைவு தப்பியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாமல் 108.

தோப்புக்கரணம், வாத்து நடை, மைதானத்தைச் சுற்றி ஓடு என்பதெல்லாம் தண்டனையாக வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். ஓட்டத்தைத் தண்டனையாகக் கண்ட பிள்ளை மறுநாள் ஓட்டத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது.

மைதானம் பற்றி யாரும் சொல்லலீங்க. ஆடியில் காத்து மேற்கே இருந்து அடிக்கும், காலை வெயில் கிழக்கே. வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் மண் நேராகக் கண்ணில் விழும். அதனால் பிள்ளைகள் வடக்கு பார்த்து நிற்கட்டும், இரண்டும் பக்கவாட்டில் போய்விடும். குரல் காத்தில் அடித்துக்கொண்டு போகும் என்பதால் விளக்கும்போது மூன்று மீட்டருக்குள் அரைவட்டமாக உட்கார வைக்கணும். ஒரு மழை பெய்தால் நெருஞ்சி கிளம்பிவிடும். மஞ்சள் பூ கண்ணில் பட்ட வாரமே வேரோடு பிடுங்கணும். முள் காய்ந்து உதிர்ந்த பிறகு சீமாறு போட்டுப் பெருக்கியும் தீராது, நம்ம பிள்ளைகளில் பாதி வெறுங்காலோடுதான் நிற்கும்.