சலம் போன பிறகும் பையில் நிற்பதற்கு என்ன பெயர்? (வெள்ளிக்கு முன் வேண்டும்)

உவர்மலை, திருகோணமலை. திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்து வீட்டுக்குப் போகிற பெண்களுக்கான நாலு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன்.

வீக்கம், நோ, முதுகில் போட்ட விறைப்பு ஊசி எல்லாம் சேர்ந்து சலப்பையை (சிறுநீர்ப்பையை) கொஞ்ச நாளுக்குச் சோம்பலாக்கிவிடும். அதனால் சலம் வடியப் போட்ட ரியூப்பைக் கழற்றியதும் சலம் போகச் சொல்லி, போன பிறகு உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று ஸ்கானில் பார்ப்போம். 100, 150 மில்லிலீற்றருக்குள் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. எல்லை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். கூட நின்றால் பை இழுபடும், கிருமித் தொற்றும் வரும். திரும்ப ரியூப் போடவேண்டும், அல்லது மெல்லிய குழாயைத் தானே போட்டு எடுக்கப் பழக்கவேண்டும். அநேகமானோருக்குச் சில நாள், சில கிழமையில் சரியாகிவிடும். அந்த "உள்ளே நிற்பது"க்குத்தான் பெயர் கேட்கிறேன்.

பழைய பிரசுரத்தில் "சிறுநீர் அடைப்பு" என்று இருந்தது. அதை வைத்து நான் பட்டது போதும். மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவரிடம் "அடைப்பு ஏதும் இருக்கா அம்மா?" என்று கேட்டேன். "இல்லை மகள், பத்து நிமிசத்துக்கு ஒருக்காப் போகுது" என்றா. நானும் நல்லது என்று எழுதிவிட்டேன். பின்னேரம் பார்த்தால் அடிவயிறு பானை மாதிரி. அளந்தால் 700. நிரம்பி வழிந்ததைத்தான் அவ "போகுது" என்றிருக்கிறா. அடைப்பு என்றால் ஒரு சொட்டும் வராது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

யாழ்ப்பாணம். செவ்வாய் காலை

பிள்ளை, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எச்சச் சிறுநீர். எஞ்சு என்பதிலிருந்து எச்சம். வினை முடியாமல் நின்றால் வினையெச்சம், நீர் முடியாமல் நின்றால் நீரெச்சம். வள்ளுவரும் ஒருவர் விட்டுப்போவதை எச்சம் என்றுதான் சொன்னார். இன்னொன்று, "சலம்" வேண்டாம். வடசொல் என்பது ஒரு பக்கம். குறளில் "சலத்தால் பொருள்செய்து" என்றால் வஞ்சனையால் என்று பொருள். நோயாளி கையில் வஞ்சனையைக் கொடுக்கப் போகிறீர்களா?

கிண்ணியா. செவ்வாய் மத்தியானம்

மாஸ்டர் கோவிக்கப்படாது. எங்கட பக்கம் எச்சம் என்றால் காகம் போடுறது. நான் மருத்துவமாதுவாக வீடு வீடாகப் போகிறவள். தையல் போட்ட ஓர் உம்மாவிடம் "உங்கட எச்சத்தை அளக்கவேணும்" என்றேன். சிரித்துச் சிரித்துத் தையலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. வீட்டில் சொல்வது சலம்தான்.

மட்டக்களப்பு. செவ்வாய் இரவு

சலம் வஞ்சனை என்றால் அப்பரை என்ன செய்வது? "சலம்பூவொடு தூபம் மறந்தறியேன்" என்று பாடினது சூலை நோயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எங்கட நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி வேறு யார்? தொல்காப்பியமும் "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" (காலத்தோடு வந்து வழங்குகிற சொல்லை விலக்கவேண்டாம்) என்று கதவைத் திறந்துதான் விட்டிருக்கிறது.

என்னுடைய வோட்டு "தேங்குசலம்". வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, அச்சுப் பிழை குறையும்.

தொராண்டோ. புதன்

தேங்கு, தேக்கு, தேக்கம். தேக்கு மரமும் இந்த வேரோ என்று எனக்குப் பல வருடமாக ஓர் எண்ணம். ஆங்கிலத்துக்கு அந்த மரத்தின் பெயர் போர்த்துக்கேயர் வழியாக நம் பக்கத்திலிருந்தே போனது...

(இதற்கு ஏழு மறுமொழி வந்தது. எங்கள் இடத்துக்கு உவர்மலை என்ற பெயர் முந்தியதா, ஓர்ஸ் ஹில் என்ற பெயர் முந்தியதா என்பதும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. அவற்றை விடுகிறேன். உவர்மலை.)

கந்தளாய். புதன் இரவு

நான் குளத்து வேலைக்காரன், இலக்கணம் கேட்காதீர்கள். துருசுக்கு (மதகுக்கு) கீழே நிற்கிற தண்ணி, கதவை முழுக்கத் திறந்தாலும் வயலுக்கு வராது. நீங்கள் கேட்பது அதுதானே? அதைத் தேக்கம் என்றால் குழம்பும். நீர்த்தேக்கம் என்றால் முழுக் குளமும். மிச்சம் என்று சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம். வியாழன் காலை

மிச்சம் நல்ல தமிழ், ஒத்துக்கொள்கிறேன். எஞ்சு எச்சமானது போல மிஞ்சு மிச்சம். ஆனால் "மாதக் கடைசியில் மிச்சம் பிடித்தேன்" என்று சந்தோசமாகச் சொல்கிற சொல் அது. மிச்சம் கூடினால் நல்லது என்று ஒருத்தி நினைத்தால்? "மிச்சச் சலம்" என்று எழுதிப் பாருங்கள், ஏழெழுத்துக்குள் எத்தனை சகரம்! மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர்க்காரர் நாங்கள். எஞ்சுநீர் என்று போடுங்கள், இரண்டு நாளில் பழகிவிடும்.

கிண்ணியா. வியாழன் மத்தியானம்

கிறீன் வைத்தியர் இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தவர், மாஸ்டர். அவரை எங்கட பக்கம் விடுங்கோ. இரண்டு நாள் பழக நோயாளிக்கு நேரம் இல்லை, அவ நாளைக்கே வீட்டுக்குப் போறா.

உவர்மலை. வியாழன் இரவு

சரி, இனி என்னால் ஏலாது. பிரசுரத்தில் மிச்சச் சலம். மாஸ்டர் சொன்ன பயம் நியாயமானது, அதனால் கீழேயே இப்படி எழுதிவிட்டேன்: "சலம் போன பிறகும் பையில் நிற்பது மிச்சச் சலம். இது குறையக் குறைய நல்லது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அடிவயிறு பாரமாக இருந்தால், போகுதுதானே என்று இருக்கவேண்டாம், உடனே வாருங்கள்." தாதிய மாணவிகளின் குறிப்பில் எஞ்சுசிறுநீர் என்று போடுகிறேன். "அடைப்பு" இரண்டிலும் இல்லை.

யாழ்ப்பாணம். வியாழன் இரவு

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

கிண்ணியா. வெள்ளி காலை

இப்பதான் பார்த்தேன், 2ஆம் பக்கத்தில் "இடுப்புத் தளம்" என்று இருக்குது. திருகோணமலையில தளம் என்றால் நேவிக்காரர் இருக்கிற இடமெல்லோ?

உவர்மலை. வெள்ளி காலை

ஒன்பது மணிக்கே கொடுத்தாச்சு, தங்கச்சி.