மாவோரிக்ஸாஃபோர் எடுத்துக்கொள்பவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். என் 16 வயது மகனுக்கு ‘விம்’ (WHIM) நோய்க்குறி என்னும் அரிய நோய் எதிர்ப்புக் குறைபாடு இருக்கிறது. நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலேயே தங்கிவிடுகின்றன. இரத்தத்துக்கு வந்தால்தானே கிருமிகளோடு போராடும்? கைவிரல் மருக்களும் காதுச் சீழும் ஓய்ந்தபாடில்லை. இதுவரை ஊசியோடு காலம் தள்ளினோம். இப்போது மருத்துவர் மாவோரிக்ஸாஃபோர் காப்சூலைத் தொடங்கலாம் என்கிறார். அமெரிக்காவில் 12 வயது நிரம்பியவர்களுக்கு 2024-இல் அனுமதி பெற்ற மருந்து.

இரவு முழுவதும் வெறும் வயிறு, காலையில் காப்சூல், அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. கண் விழித்ததும் சமையலறைக்கு ஓடும் பிள்ளை இவன்! பள்ளி நாட்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

என் பெரிய கவலை மற்ற மருந்துகள்தான். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளோடு கொடுத்தால் அளவைக் குறைக்க வேண்டுமாம். பல இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் இதோடு ஒத்துப்போகாதாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு இருமலுக்கு என்னதான் கொடுக்கிறீர்கள்? இ.சி.ஜி. எடுக்கவும் சொல்லியிருக்கிறார், உங்களுக்கு எவ்வளவு இடைவெளியில் எடுத்தார்கள்? நியூட்ரோபில் கூடிய பிறகு மருக்கள் குறைந்தனவா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அளவு பற்றி மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வேண்டியது உங்கள் அனுபவம்.