அப்பச்சிக்கு லேட்டா வந்த பதவி உயர்வு, நிலுவைச் சம்பளம் கேட்கலாமா?

தேவகோட்டை மகன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பச்சி, அதாவது அப்பா, அரசு ஆபீஸ்ல உதவியாளரா இருந்து போன ஜூன்ல ரிட்டயர் ஆனாங்க. 2019ல ஒரு 17பி சார்ஜ் மெமோ (பெரிய தண்டனை வரைக்கும் போகக்கூடிய குற்றச்சாட்டு நோட்டீஸ்), அதக் காட்டி அடுத்த வருஷ பேனல்ல, அதாவது பதவி உயர்வுப் பட்டியல்ல, பேர விட்டுட்டாங்க, சீனியாரிட்டில கீழ இருந்தவரு கண்காணிப்பாளராகி அதே ரூம்ல எதிர் சீட்ல வந்து உக்காந்தாரு. ரிட்டயர் ஆக ரெண்டு மாசம் இருக்கப்போ குற்றச்சாட்டு நிரூபணம் ஆகலன்னு டிராப் பண்ணாங்க. இப்ப முன்தேதியிட்டு நோஷனல், அதாவது கணக்குக்கு மட்டும், பதவி உயர்வு குடுத்துட்டு, அந்தப் பதவியில வேலை பாக்கல அதனால நிலுவை கிடையாதுன்னு ஆர்டர். அப்பச்சி அதப் படிச்சு நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிட்டு வளவுல (வீட்டு முற்றத்துல) போய் உக்காந்தவங்கதான், ராத்திரி சாப்பிடவே இல்ல. இதுக்கு வழி இருக்கா?

காரைக்குடி பென்ஷனர்:
இருக்கு தம்பி. 1991ல சுப்ரீம் கோர்ட் ஜானகிராமன் வழக்குல சொன்னது இதத்தான். வேலை பாக்க ஆள் தயாரா இருந்து, அவர் தப்பு இல்லாம நிர்வாகமே தடுத்து வச்சிருந்தா "வேலை இல்லேன்னா சம்பளம் இல்ல"ங்கிறது அப்படியே பொருந்தாது. ஆனா முழுசா விடுதலை ஆனாலும் நிலுவை தானா வந்துராது, விசாரணைய இழுத்தது யாருன்னு பாப்பாங்க, மறுத்தா காரணம் எழுதணும். அதனால விசாரணைக் குறிப்ப ஆர்டிஐல வாங்குங்க, எந்தத் தேதி யாரு வாய்தா கேட்டாங்கன்னு அதுலதான் இருக்கும். அப்பச்சி லீவு போட்டதால தள்ளிப்போயிருந்தா அதையும் வக்கீல்கிட்ட மறைக்காதீங்க.

பள்ளத்தூரான்:
ரொம்ப நம்பிக்கை குடுக்காதீங்கண்ணே. 2024 நவம்பர்ல மேற்கு வங்க அமல் சத்பதி வழக்குல அதே சுப்ரீம் கோர்ட், பதவி உயர்வுக்கு பரிசீலிக்கப்படத்தான் உரிமை, ரிட்டயர்மெண்டுக்கு முன்னால பதவி ஏத்துக்கலேன்னா முன்தேதி பலன் இல்லன்னு சொல்லிட்டாங்களே.

காரைக்குடி பென்ஷனர்:
அது வேற தம்பி. அவருக்கு அனுமதி வர்றதுக்குள்ள ரிட்டயர் ஆயிட்டாரு, ஜூனியர் தாண்டிப் போன கதை இல்ல. இங்க முன்தேதி பதவி உயர்வ டிபார்ட்மெண்டே குடுத்தாச்சு, சண்டை பணத்துக்கு மட்டும்தான். பென்ஷன் புது சம்பளத்துல திருத்தியாச்சான்னு உடனே பாருங்க, அது மாசாமாசம் வர்ற காசு.

இன்னொண்ணு, மனு மேல மனுவா போட்டு காலத்த கடத்தாதீங்க. சதாசிவசாமி வழக்கு நம்ம தமிழ்நாட்டுதுதான், ஜூனியருக்கு பதவி உயர்வு குடுத்தா ஆறு மாசம், மிஞ்சிப்போனா ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்கு வந்துரணும்னு சொன்னது. உங்களுக்கு கையில புது ஆர்டர் இருக்கு, அந்தத் தேதியில இருந்து எண்ணி சீக்கிரம் மதுரை ஐகோர்ட் கிளையில ரிட் போடுங்க.

தேவகோட்டை மகன்:
ரொம்ப நன்றிண்ணே. பெட்டகத்த திறந்து பாத்தேன், 2020ல இருந்து அப்பச்சி போட்ட மனு நாலு இருக்கு, மூணுக்கு தபால் ஒப்புகை அட்டையும் பின் அடிச்சு வச்சிருக்காங்க. பென்ஷன் இன்னும் திருத்தல. வியாழக்கிழமை வக்கீலப் பாக்க அப்பச்சியையும் கூட்டிக்கிட்டு மதுரை போறேன், வர்றேன்னு சொல்லிட்டாங்க.